பதினாறும் இருபத்தைந்தும்

கொரோனாவில் பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக் கிடந்தது என்று இப்போதும் பேசுகிறார்கள். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் எதையும் நான் பார்க்கவில்லை. திருவாரூர் மாவட்டத்தில் வட்டார வள மையத்தில் ஆசிரியப் பயிற்றுநர் வேலை எனக்கு. ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளைப் பார்ப்பதுதான் பிழைப்பு. 2020 கோடையில் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் திரும்பி வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்தது பள்ளிக்கூடத்தில். நவம்பர் கடைசியில் நிவர் புயல், அது போன ஈரம் காய்வதற்குள் புரெவி. தண்ணீர் புகுந்த தெருக்காரர்கள் பாயும் பாத்திரமும் ஆட்டுக்குட்டியுமாக வந்து தங்கியது அதே வகுப்பறைகளில். சத்துணவு அரிசியும் பருப்பும் வாங்கப் பிள்ளைகள் பையோடு வரிசையில் நின்றதும் அதே வராண்டாவில்தான். எல்லாவற்றுக்கும் கதவு திறந்தது. பாடத்துக்கு மட்டும் திறக்கவில்லை.

அதைத் திறப்பது எப்படி என்று பேசிய கூட்டங்களில் ஒரு ஓரமாக நானும் உட்கார்ந்திருந்தேன். பெரும்பாலும் குறிப்பெடுப்பதும், பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றுவதும், எந்தப் பள்ளியிலிருந்து விவரம் வரவில்லையோ அந்த ஹெச்.எம்.முக்குப் போன் போடுவதும்தான் என் வேலை.

முதல் தடவை 2020 நவம்பர் 9. தீபாவளி முடிந்ததும் 16-ம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திறக்கலாமா என்று பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்கச் சொல்லியிருந்தது அரசு. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டிருந்தது. தாளடி நடவு நேரம். பெண்கள் வயலிலிருந்து நேரே வந்திருந்தார்கள். சேலை ஓரம் நனைந்து, கணுக்காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. வாசலில் கையில் ஊற்றிய சானிடைசர் வாசனையும் சேற்று வாசனையும் கலந்து அடித்த அந்தக் காற்றை இன்றைக்கும் மூக்கு மறக்கவில்லை.

"தொறங்க டீச்சர், வேணாம்னு யாரு சொன்னா?" என்றார் ஒரு அம்மா. "போன்ல பாடங்குறீங்க. வீட்டுக்கு ஒரு போனு. அத நான் எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிடறேன். டிவில பாடம் ஓடுற நேரம் பாத்து கரண்டு போவுது. புள்ள என்னதான் பண்ணும்?"

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. மகள் பத்தாம் வகுப்பு. கருத்துப் படிவத்தை அவரிடம் நீட்டினேன்.

"அனுப்புறேன் டீச்சர். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

"ஏங்க?"

"நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, நீதான கையெழுத்துப் போட்டு அனுப்புனன்னு காட்டுவீங்க."

அந்தத் தாளை அவரைவிடச் சரியாகப் படித்தவர் எங்கள் ஒன்றியத்தில் யாரும் இல்லை. நான் பேனாவை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாளே, 12-ம் தேதி, 16-ம் தேதி திறப்பு இல்லை என்று அறிவிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம் 2021 ஜனவரி. மறுபடி கருத்துக் கேட்பு. பொங்கலுக்கு முன்னால் முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார்: பத்துக்கும் பன்னிரண்டுக்கும் 19-ம் தேதி பள்ளி. அந்தப் பொங்கலை டெல்டாவில் யாரும் கொண்டாடவில்லை. அறுப்புக்கு நின்ற சம்பாப் பயிரெல்லாம் தை மழையில் சாய்ந்து, தண்ணீருக்குள்ளேயே கதிர் முளை விட்டுக்கொண்டிருந்தது. அந்த மழையில் நனைந்துகொண்டு ஹெச்.எம்.கள் கூட்டத்துக்கு வந்தார்கள்.

வழிகாட்டு நெறிமுறையை வாசித்தார்கள். ஒரு அறையில் 25 பேருக்கு மேல் கூடாது. ஆறடி இடைவெளி. வாசலில் வெப்பநிலை பார்க்க வேண்டும். பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். வருகை கட்டாயமில்லை. வைட்டமின், சிங்க் மாத்திரை கொடுக்க வேண்டும். தலைகள் ஆடிக்கொண்டே இருந்தன. அந்த வேப்பமரத்துப் பள்ளியின் பொறுப்பு ஹெச்.எம். மட்டும் எழுந்தார். கணக்கு வாத்தியார். முகக்கவசம் எப்போதும் மூக்குக்குக் கீழே வழுக்கிவிடும். "சார், மூக்கு" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பேண்ட் பையில் டேப் வைத்திருந்தார். எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு சதுரம் போட்டார்.

"நம்ம ரூம் இருபதுக்கு இருபது. சுவரோரம் ரெண்டு பக்கமும் ஓரடி விட்டா மிச்சம் பதினெட்டு. ஆறடிக்கு ஒரு புள்ளன்னா வரிசைக்கு நாலு. நாலு வரிசை. பதினாறு." திரும்பி நின்று கேட்டார்: "இருபத்தஞ்சு போட்டா ஆறடி வராது. ஆறடி போட்டா இருபத்தஞ்சு வராது. எதச் செய்யட்டும்?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மேடையிலிருந்து, "அதிகபட்சம்னுதான சார் போட்டிருக்கு" என்று பதில் வந்தது. "அதிகபட்சம்னு எழுதுனா அத்தனப் பள்ளியிலயும் அதுதான் நடக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதோடு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அவர் அளந்தபடியே செய்தார். பதினாறு பெஞ்சு போக மிச்சத்தை ஆய்வகத்துக்கும் நூலக அறைக்கும் தூக்கினோம். 48 பேர் இருந்த ஒரு வகுப்பு மூன்றாகப் பிரிந்தது. மூன்றுக்கும் ஆசிரியர் ஒருவர்தான். நடு அறையில் பாடம் நடத்திவிட்டு, மற்ற இரண்டுக்கும் எழுத்து வேலை கொடுத்துக்கொண்டு வராண்டாவில் நடப்பது என்று முடிவானது. சுவரில் புயல் நேரத்து அடுப்புக் கரி. அறைக்குள் வௌவால் வாடை. துப்புரவு அக்கா ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கரைத்து ஊற்றினார்; கண் எரிந்ததே ஒழிய வாடை போகவில்லை. கைகழுவும் குழாயில் சோப்பு வைத்தால் சாயங்காலம் இருக்காது என்று சத்துணவு ஆயாவுக்குத் தெரியும். வெங்காயம் வாங்கிய வலைப் பையில் சோப்பைப் போட்டு முடிந்து குழாய்க் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார். பையோடு தேய்த்தால் நுரை வரும், சோப்பு எங்கும் போகாது. மாவட்டம் முழுக்கச் சுற்றறிக்கை விட்டிருக்க வேண்டிய யோசனை அது. யார் கேட்டார்கள்?

19-ம் தேதி காலை கேட்டில் நின்றேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது; சட்டைப் பொத்தான் மார்பில் பூட்டவில்லை. புது மீசை வைத்த ஒரு பையனை அவன் வகுப்பாசிரியருக்கே அடையாளம் தெரியாமல், "எந்த ஊருப்பா நீ, யாரப் பாக்கணும்?" என்று கேட்டு, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த வளாகத்தில் கேட்ட சிரிப்பு அது. தெர்மல் ஸ்கேனரை நெற்றிக்கு நேரே பிடித்தால் சிலர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

கையெழுத்துக்கு மறுத்தவர் மகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மடியிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார். மகள் எழுதிய சம்மதக் கடிதம். அடியில் அவர் பெயர் கோணலாக, ஒவ்வோர் எழுத்தாக. "போட்டுட்டேன் டீச்சர். இவ ரெண்டு நாளா சோறு திங்கல" என்றார்.

பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும் வந்தன. 25-ம் தேதி, ஒன்பது, பத்து, பதினொன்றுக்குத் தேர்வே இல்லை, எல்லாரும் தேர்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் அப்போதும் வந்துகொண்டிருந்தார்கள்; வீட்டைவிடப் பள்ளிக்கூடம் தேவலை என்றிருக்கும். மார்ச் நடுவில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரே பள்ளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று என்ற செய்தி வந்தது. பக்கத்து மாவட்டம், அங்கே பாதி வீட்டுக்கு இங்கே சம்பந்தி வீடு. அன்று ராத்திரி என் போன் ஓயவில்லை. எங்க புள்ளைக்கும் டெஸ்ட் எடுப்பீங்களா, இருமுது டீச்சர், காய்ச்சல் இல்ல ஆனா இருமுது, பஸ்ஸுல அந்த ஊர்க்காரங்க வர்றாங்களே, நாளைக்கு அனுப்பவா வேணாமா, சொல்லுங்க டீச்சர், நீங்க சொல்லுங்க.

மறுநாள் காலை, கோணலாகக் கையெழுத்துப் போட்டவர் கேட்டில் தனியாக நின்றார். "அந்தக் காயிதத்தத் திருப்பிக் குடுங்க."

பதிவேட்டில் சேர்த்த கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த விதியிலும் இடம் இல்லை. ஹெச்.எம்.மிடம் போய்ச் சொன்னேன். அவர் கோப்பை எடுத்து, நூலை அவிழ்த்து, தாளைத் தேடி உருவினார். "கேக்குறாரு, குடுத்துடுங்க டீச்சர். புள்ள வர்றதா இருந்தா வரட்டும். காயிதம் இல்லன்னா நாம பாத்துக்க மாட்டமா?"

மகள் அடுத்த நாள் வந்தாள். ஆனால் அந்த வாரத்தோடு சரி. 22-ம் தேதியிலிருந்து ஒன்பது, பத்து, பதினொன்றுக்கு மறுபடி விடுமுறை. சட்டமன்றத் தேர்தலுக்காகப் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, அறைக்கதவில் வாக்குச்சாவடி எண் ஒட்டினார்கள்.

கணக்கு வாத்தியாரிடம் யாரும் சம்மதக் கடிதம் கேட்கவில்லை. தேர்தல் பணி ஆணை வந்தது, போனார். ஏப்ரல் 6. கடைசி ஒரு மணி நேரம், ஆறிலிருந்து ஏழு வரை, தொற்று உள்ளவர்கள் ஓட்டுப் போடுவதற்கு. அதற்குத் தலை முதல் கால் வரை மூடும் கவச உடை. "மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம், ஒருத்தரும் வரல. வேர்த்து ஊத்துனதுதான் மிச்சம்" என்று போனில் சிரித்தார். அங்கேதான் தொற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மாதம் காற்றெல்லாம் அதுதான். ஏப்ரல் கடைசியில் இருமல், மூன்று நாள் கஷாயம், நாலாம் நாள் மூச்சு, ஆம்புலன்ஸ் வரவில்லை, தெரிந்தவர் கார், ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, இன்னொன்றில் வாசலிலேயே ஆக்சிஜன், மருந்துக்கு மச்சினன் ஓடினான், டோக்கன் முடிந்தது, மறுநாள் வா என்றார்கள். மறுநாள் தேவைப்படவில்லை.

முகம் பார்க்க விடவில்லை. பள்ளி வாட்ஸாப் குழுவில் அவர் கடைசியாகப் போட்டிருந்தது, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு. ஜூன் 5-ம் தேதி புது முதல்வர் ஸ்டாலின் அந்தப் பொதுத்தேர்வையும் ரத்து செய்தார். நல்ல முடிவுதான். அதைக் கேட்டதும் அவருக்குப் போன் போட எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சமையல்கட்டில் நின்றேன்.

செப்டம்பர் 1-ம் தேதி மறுபடி திறந்தபோது, பாதி வகுப்பு ஒரு நாள், மறு பாதி அடுத்த நாள் என்று சுழற்சி முறை வந்தது. எங்கள் வேலை, வராதவர்களைத் தேடிப் போவது. அந்தப் புது மீசைப் பையன் அறுவடை மெஷினோடு வெளி மாவட்டம் போயிருந்தான். ஒரு நாள் வீட்டில் பிடித்தேன். கை முழுக்க கிரீஸ். மதிப்பெண் இல்லாமல் வெறும் 'தேர்ச்சி' என்று போட்ட பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டி, "இத வச்சுக்கிட்டு எந்த குரூப் கேக்குறது டீச்சர்?" என்றான். அம்மாவுக்குக் குழுக் கடன். அவன் வரவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நான் வாசலில் வண்டி நிறுத்துவதைப் பார்த்ததும் கழுத்துவரை தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். புது மஞ்சள் வாசனையை இழுத்துவிட முடியவில்லை. மாமியார் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார், அவள் நின்றபடியே, "கெமிஸ்ட்ரி மிஸ் நல்லாருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

காகிதத்தைத் திரும்ப வாங்கியவரின் மகள் வந்தாள். பதினொன்றில் முதல் குரூப் கேட்டு வாங்கினாள். நவம்பரில் சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை ஒன்று, ஒன்றாம் வகுப்பையே பார்த்ததில்லை, மணி அடித்ததும் தீ விபத்து என்று நினைத்து அழுதது.

கணக்கு வாத்தியாரின் மனைவிக்குக் கருணை அடிப்படையில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. இப்போது எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிவு. ஆரம்பத்தில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். அவர் அதை ரசிக்கவில்லை. மாத அறிக்கையில் நான் தாமதம் செய்தால் எல்லாருக்கும் முன்னால் வைத்தே கேட்கிறார். ஏதாவது புதுக் காய்ச்சல் பரவுகிறது என்று டிவியில் ஓடினால், மேலிடத்திலிருந்து யாராவது பழைய நெறிமுறைக் கோப்பைக் கேட்கிறார்கள். எடுத்துக் கொடுப்பது அவர்தான். போன முறை கேட்டபோது கோப்பை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கொண்டுபோய்க் குடுங்க டீச்சர். குடுக்கறப்ப, இந்தத் தடவ ரூமை அளந்துட்டு எழுதச் சொல்லுங்க."