காற்றுத் தீவில் குட்டி நாய்க்கு ஒரு ஸ்வெட்டர்!

ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்தில் மாலையில் கப்பல் ஏறினால், மறுநாள் காலையில் லெர்விக் வந்துவிடும். ஷெட்லாண்ட் தீவுகளின் முக்கிய நகரம் இது. மொத்தம் சுமார் 100 தீவுகள். மக்கள் வசிப்பது ஏறக்குறைய 16 தீவுகளில்தான். ஒரு பக்கம் அட்லான்டிக், மறுபக்கம் வட கடல். மரங்கள் அபூர்வம் என்பதால் காற்றைத் தடுக்க ஆளில்லை. டிசம்பரில் பகல் வெளிச்சம் 6 மணி நேரம்கூட இருக்காது.

மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் உள்ள இந்தத் தீவுகளில் பின்னல் வேலை பொழுதுபோக்கு அல்ல, வீட்டுக்குச் சோறு போட்ட தொழில். பெண்கள் இடுப்பில் ஒரு தோல் பெல்ட் கட்டியிருப்பார்கள். அதில் குதிரை முடி அடைத்த, துளைகள் போட்ட பட்டை ஒன்று இருக்கும். ஊசியின் ஒரு முனையை அதில் செருகிவிட்டால், முதுகில் கூடை சுமந்து நடந்தபடியே பின்னலாம்.

இங்குள்ள ஃபேர் ஐல் தீவின் வண்ணப் பின்னல் உலகப் புகழ் பெற்றதற்கு ஓர் இளவரசரும் காரணம். பின்னாளில் எட்டாம் எட்வர்டு மன்னரான அவர், 1925-ல் வரையப்பட்ட ஓவியத்தில் ஃபேர் ஐல் ஸ்வெட்டரோடு இருக்கிறார். கையில் ஒரு குட்டி நாய்! 2013-ல் சுற்றுலா விளம்பரத்துக்காக இரண்டு ஷெட்லாண்ட் மட்டக்குதிரைகளுக்கே ஸ்வெட்டர் போட்டுவிட்டார்கள்.

குதிரைக்குப் பின்னிவிடலாம். டாஷ்ஹண்ட் நாய்க்குப் பின்னுவதுதான் சவால். ஜெர்மனியில் வளைக்கரடி வேட்டைக்காக உருவான இனம் அது. நீண்ட முதுகு, இறங்கிய மார்பு, குட்டைக் கால்கள். வயிறு ஈரப் புல்லில் உரசும். கழுத்துக்குச் சரியான கோட் மார்பில் இறுக்கும். மார்புக்குச் சரியானது முதுகில் பாதியிலேயே நின்றுவிடும். இறுக்கமான துணி கால் இடுக்கைப் புண்ணாக்கும். தொளதொளவென்றால் கால் சிக்கித் தடுக்கும். முதுகெலும்பு டிஸ்க் பிரச்னை எளிதில் வரும் இனம் என்பதால், தடுக்கி விழுவது சின்ன விஷயமல்ல.

அதனால் அளவுதான் முதலில். கழுத்துச் சுற்றளவு, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவு, கழுத்துப்பட்டையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், இரு முன்னங்கால்களுக்கு இடையிலான அகலம் என நான்கும் வேண்டும். நாய் நின்றுகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும்.

அடுத்து, சின்னச் சதுரம் ஒன்றைப் பின்னி, அலசி, உலர்த்தி கண்ணிகளை எண்ண வேண்டும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி வருகிறது, மார்பு 44 செ.மீ. என்றால், தாராளத்துக்கு 4 செ.மீ. சேர்த்து 48 செ.மீ.; அதாவது 96 கண்ணிகள்.

பலரும் தவறுவது கால் துளைகளில். மனிதக் கை பக்கவாட்டில் இருக்கிறது. நாயின் கால் அடிப்பக்கத்தில். துளைகள் மார்பின் அடியில், நெருக்கமாக வர வேண்டும். ஷெட்லாண்டில் ஸ்வெட்டரைக் குழாய் போலப் பின்னி, கை வரும் இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள். அந்த ஊர்க் கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் பிரிந்து வராது. நாய்க்கோட்டுக்கும் இந்த வழி பொருந்தும்.

இரண்டு நிற நூல் ஓடும் வண்ணப் பின்னல் அதிகம் விரியாது. அதை முதுகோடு நிறுத்தி, வயிற்றுப் பகுதிக்கு நன்றாக விரியும் ரிப் பின்னல் போடுவது நல்லது. ஆண் நாய் என்றால் வயிற்றுத் துண்டைச் சீக்கிரமே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் நடையிலேயே நனைந்துவிடும். தலைவழியாக இழுத்து மாட்டாமல் இருக்க, பக்கவாட்டில் பட்டன் வைக்கலாம்.

போட்டுவிட்டதும் கழுத்தில் இரண்டு விரல் எளிதாக நுழைகிறதா, உட்கார்ந்து எழும்போது துணி சுருண்டு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக அமைந்துவிட்டால், வாசலோடு திரும்பிவிடும் நாய்கூடக் கடற்கரைக் காற்றில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரும்!