தீப்பெட்டிப் படங்களுக்கு விலை

பாகம் பிரிப்பதில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கைதேர்ந்தவர்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறைத் தண்ணீர், வரப்பில் நிற்கும் வேம்பு யாரைச் சேர்ந்தது என்பதுவரை எழுதிவிடுவார்கள். சங்ககிரிப் பக்கம் வாழ்ந்த என் சித்தப்பா சென்ற ஆண்டு காலமானபோதும் எல்லாம் சங்கடமின்றி முடிந்தது. மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஏழு நீள நோட்டுகள், ஒரு பிஸ்கட் டப்பா. இரண்டிலும் தீப்பெட்டிப் படங்கள்.

“பழைய காகிதமெல்லாம் உங்களுக்குத்தானுங்க்கா தெரியும். பிரிச்சு, என்ன விலைக்குப் போகும்னு பாத்துச் சொல்லுங்க” என்று சித்தப்பாவின் மூத்த மகன் பெங்களூரிலிருந்து பேசினான். மூவருக்கும் சமமாக வரவேண்டும் என்பது தங்கையின் நிபந்தனை. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குப் பழைய காகிதத்தின் மதிப்புத் தெரியும் என்றொரு நம்பிக்கை ஊரில் நிலவுகிறது. அதைக் கலைக்க எனக்கும் மனம் வரவில்லை. கோடை விடுமுறையில் பெட்டியைத் திறந்தேன்.

சித்தப்பா 1974இல் லாரியில் கிளீனராக ஏறியவர். 2003இல் ஓட்டுநராக இறங்கினார். பீடிப் பழக்கம் உண்டு. போகிற இடத்தில் வாங்கும் தீப்பெட்டி காலியானதும் மேலட்டைப் படத்தைப் பத்திரப்படுத்துவார். மரச்சில்லுப் பெட்டிகளின் காலத்தில் படம் தனித் தாளாக ஒட்டப்பட்டிருக்கும். தண்ணீரில் நனைத்து உரித்துவிடலாம். அட்டைப்பெட்டிகள் வந்தபின் முகப்பைக் கத்தரித்துத்தான் எடுக்கவேண்டும். ஆகவே முதல் நான்கு நோட்டுகள் மெலிந்தும் பின் மூன்றும் உப்பியும் இருக்கின்றன. வீடு திரும்பியதும் கஞ்சிப் பசையால் ஒட்டுவார். இரண்டாகக் கிடைத்தவையும் ஒட்ட நேரமில்லாதவையும் டப்பாவுக்குப் போகும். கேட்டால் அதிலிருந்து எங்களுக்கு ஒன்றிரண்டு தருவார்.

அன்று அவற்றின் விலை எங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சிகரெட் அட்டைகளையும் தீப்பெட்டிப் படங்களையும் வட்டத்துக்குள் அடுக்கிச் சில்லால் அடித்து வெளியேற்றுகிற ஆட்டம் அது. மூலைக்கடையில் கிடைக்கும் சின்னத்துக்குப் பத்து, வெளியூர்ச் சின்னத்துக்கு ஐம்பது, ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்திருந்தால் நூறு. வங்காள எழுத்துள்ள படம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தெருவையே நான் ஆண்டிருக்கிறேன். சில ஆண்டுகளில் என் தம்பிகளிடம் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகள் வந்தன. அவற்றில் உயரம், எடை, வென்ற ஆட்டங்கள் என எல்லாம் எண்ணாகவே அச்சிட்டிருக்கும். சண்டை போட்டு விலையை நிர்ணயிக்கும் வேலை பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது. எனக்கு அந்தச் சீட்டுகள் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

படங்களைக் காலவரிசைப்படுத்துவது எதிர்பார்த்ததைவிடச் சுவையான வேலையாக இருந்தது. ஆண்டு குறிக்கும் பழக்கம் தீப்பெட்டி ஆலைகளுக்கும் இல்லை, சித்தப்பாவுக்கும் இல்லை. ஆனால் முகவரி பேசுகிறது. ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. சிவகாசி ‘ராம்நாட் டிஸ்ட்ரிக்ட்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1985க்கு முந்தியது. அவ்வாண்டில்தான் அது காமராசர் மாவட்டத்துக்குப் போனது. கோவில்பட்டி 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து வ.உ.சிதம்பரனார் மாவட்டமானது. 1997இல் இந்தத் தலைவர் பெயர்கள் நீங்கி, விருதுநகர், தூத்துக்குடி என்று ஊர்ப்பெயர்களே மாவட்டப் பெயர்களாயின. (அதே 1997 ஜனவரியில்தான் சேலத்திலிருந்து நாமக்கல்லும் தனி மாவட்டமாயிற்று.) பழைய அச்சையே மாற்றாமல் ஓட்டிய ஆலைகளும் இருந்திருக்கலாம் என்பதால் புதிய பெயரைத்தான் முழுதாக நம்பலாம், பழைய பெயரை அல்ல. சங்கப் பாடல்களுக்குக் காலம் சொல்ல முனைபவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல. நான்கு படங்களில் ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்றிருக்கிறது. 1969க்கு முந்தைய அச்சு. சித்தப்பா லாரி ஏறுமுன்னரே வேறு யாரோ சேர்த்துவைத்து அவருக்குக் கொடுத்தவையாக இருக்கவேண்டும்.

விலை கேட்கவேண்டியது கடமை. சேலத்தில் பழைய நாணயமும் தபால்தலையும் விற்கும் ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர், தொழில் தெரிந்தவர். இருபது நிமிடத்தில் பார்த்து முடித்தார். மெட்ராஸ் ஸ்டேட் நான்கையும், அம்பர்நாத், பரேலி, துப்ரி என்று வடக்கிலும் அசாமிலும் இருந்த ஆலைகளின் படங்களையும் தனியே சுட்டிக்காட்டினார். “மத்ததெல்லாம் சிவகாசிங்க. சிவகாசிப் படம் எங்கயும் கிடைக்குமுங்க” என்றார். டப்பாவில் இருப்பவற்றுக்கு 2,400 ரூபாய். நோட்டில் ஒட்டியவற்றை நனைத்து உரித்து, கறையில்லாதவற்றைப் பொறுக்கி, புலி, மயில், சாமி, கப்பல் என்று வகை பிரித்துக் கொடுத்தால் இன்னும் எட்டாயிரம் வரை தரலாம். ஒரே படம் இரண்டு இருந்தால் ஒன்று போதும்.

சீட்டு சேர்ப்பவர்களின் உலகம் எங்கும் இப்படித்தான். மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் 1952ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதை வெளியிட்ட டாப்ஸ் நிறுவனம் விற்காமல் தேங்கிய சீட்டுகளைப் பின்னாளில் கடலில் கொட்டியதாக அதன் அலுவலரே சொல்லியிருக்கிறார். அரிதாக்கியது கடல், விலையேற்றியது, எந்தப் பிள்ளையின் விரலும் மூலையை மழுக்காமல் விட்டது. சட்டைப் பையில் வியர்வையோடும் டீசலோடும் ஆயிரம் மைல் வந்த காகிதம் அந்தத் தராசில் நிற்காது. வியாபாரி சொன்னதில் அநியாயம் ஒன்றுமில்லை.

ஆனால் சிவகாசி என்று அவர் ஒதுக்கிய ஒவ்வொரு படத்தின் கீழும் பென்சிலால் ஓர் ஊர்ப்பெயர் இருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்று, 1923இல் திரும்பிவந்து தொடங்கியது சிவகாசித் தீப்பெட்டித் தொழில். அது நாடெங்கும் பரவியதன் விளைவை இந்த நோட்டுகளில் காணலாம். நாமக்கல்லிலிருந்து ஒரு பகல் ஓட்டத்தில் இருக்கிற ஊரின் சரக்கை நாக்பூரிலும் ஜபல்பூரிலும் வாங்கிப் பற்றவைத்திருக்கிறார் சித்தப்பா. படம் சொல்வது செய்த ஊரை. பென்சில் சொல்வது புகைத்த ஊரை. சேலம் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பழைய 7ஆம் எண் நெடுஞ்சாலையில் (இப்போது 44) போன நடைகள் வரிசையாகத் தெரிகின்றன: அனந்தப்பூர், கர்நூல், அதிலாபாத், நாக்பூர். வடக்கே விரதக்காரர்கள் ஜவ்வரிசியில்தான் உப்புமாபோல ஒன்று செய்து உண்கிறார்கள் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நோட்டை நனைத்தால் படம் பிழைக்கும், ஊர்ப்பெயர் பிழைக்காது. பிறகு அது இன்னுமொரு சிவகாசிப் படம், அவ்வளவுதான்.

தொகுத்தல் என்பது எப்போதும் எதையாவது இழந்துதான் நடக்கிறது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்துகள் நெய்தல். உருத்திரசன்மனின் ஒழுங்கு என்று மாணவர்களிடம் வியந்து சொல்லியிருக்கிறேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது: அந்த ஒழுங்குக்குள் நுழையுமுன் அந்தப் பாடல்கள் எந்த வரிசையில், யாருடைய கட்டில் கிடந்தன? ஒரு புலவரின் பாடல்கள் ஒன்றையடுத்து ஒன்றாக இருந்த ஏடு ஏதேனும் இருந்திருந்தால் அவர் எப்படி மாறினார் என்று நாம் அறிந்திருப்போம். நானூற்றில் இருநூறு பாலைப் பாட்டு. பொருள் தேடிப் போனவனும் வீட்டில் நாள் எண்ணுகிறவளும். சித்தப்பாவின் நோட்டுகளில் போனவன் கணக்கு மட்டும் இருக்கிறது.

நாள் எண்ணியவர் கணக்கைச் சித்தி சொன்னார். ஐந்தாம் நோட்டில் ஒரு பக்கத்தில் ஒரே சின்னம் பதினொரு முறை ஒட்டப்பட்டிருக்கிறது. காமராசர் மாவட்ட முகவரி. பதினொன்றுக்கும் கீழே ‘பம்பாய்’. வியாபாரியின் கணக்கில் பத்து உபரி. கிடைத்த எல்லாவற்றையும் ஒட்டிவிட்ட பக்கம் ஏழு நோட்டுகளிலும் இது ஒன்றுதான். ஏன் என்று சித்தியிடம் கேட்டேன்.

“அது பம்பாயில கலவரம் நடந்தப்ப கண்ணு. அந்தப் பொங்கலுக்கு உங்க சித்தப்பா வரவே இல்ல. வண்டிய ஓரங்கட்டீட்டு உள்ளயே படுத்துக் கெடந்தாராம். சின்னவ அப்ப கைக்கொழந்த. மில்லுக்குப் ஃபோன் வர்ற வரைக்கும் ஆளு இருக்கறாரா இல்லையான்னே தெரியாது.”

1993 ஜனவரி. ஒரு பெட்டியில் எத்தனை குச்சி, ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று பெருக்கிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அந்த நாட்களைப் பற்றி அவர் வீட்டில் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். பதினொரு படங்களையும் கோணாமல் வரிசையாக ஒட்டியிருக்கிறார்.

தம்பிகளிடமும் தங்கையிடமும் நான் சொன்ன மதிப்பீடு இதுதான்: டப்பா விற்பனைக்கு உரியது, நோட்டுகள் அல்ல. டப்பாப் படங்களில் ஊர்ப்பெயர் இல்லை. அவற்றை வியாபாரி எப்படி வகை பிரித்தாலும் நட்டமில்லை. நோட்டுகளை மூன்று பங்காக்கினால் ஒரு நடை பாதி வழியில் நின்றுவிடும். மூத்தவன் உடனே ஒப்பினான். இளையவன் அந்த எட்டாயிரத்தை இரண்டு முறை நினைவூட்டினான். அவனுக்கு டிராக்டர் தவணை இருக்கிறது, அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. கைக்குழந்தையாக இருந்த தங்கை பம்பாய்ப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, சமபங்கு நிபந்தனையைப் பற்றி அதன்பின் பேசவில்லை. தன் காலம்வரை நோட்டுகள் தன்னிடம் இருக்கட்டும் என்று சித்தி சொன்னதும் இளையவனும் அடங்கினான். டப்பா போயிற்று. ஆளுக்கு எண்ணூறு ரூபாய்.

சித்திக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கவரும், பென்சிலும் மங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் நான் போய் ஊர்ப்பெயர்களை வாசித்துக்காட்டுகிறேன். ஒவ்வொன்றுக்கும் அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று அவர் நினைவுபடுத்திச் சொல்ல, எதிர்ப்பக்கத்தில் எழுதிவைக்கிறேன். மாடு கன்று ஈன்றது, மோட்டார் எரிந்தது, மூத்தவனுக்கு அம்மை போட்டது. மூன்றாம் நோட்டில் இன்னும் கர்நூலைத் தாண்டவில்லை.