ஆயுத பூஜைக்கு மட்டும் கிளம்பும் கார்கள்

24.9.2025, புதன் – சித்தூர்

எங்கள் பழைய ஹெரால்ட் காரின் ஆர்.சி. அடுத்த மாதம் முடிகிறது. ஆர்.டி.ஓ. ஏஜென்ட் பையன் காலையிலேயே வெல்ல மண்டிக்கு வந்து, "இந்தத் தடவை பத்தாயிரம் ஆகும் சார்" என்றான். சரிதான். ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை ஏற்றிவிட்டது. இருபது வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். ஐந்து வருஷம் செல்லும். பசுமை வரி தனி.

போகும்போது இன்னொன்றும் சொன்னான். "ஐம்பது வருஷம் தாண்டின வண்டிதானே சார், விண்டேஜ்ல போட்டுடுங்க. பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்."

மத்தியானம் அந்த விதியை எடுத்து நிதானமாகப் படித்தேன். 2021 ஜூலையில் வந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்து, அசல் உருவம் கெடாமல் இருக்கிற வண்டி விண்டேஜ். கட்டணம் 20,000, பத்து வருஷம். அடுத்த முறை 5,000 போதும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் முக்கியமான வரி வருகிறது. விண்டேஜ் வண்டியை அன்றாடப் புழக்கத்துக்கும் தொழிலுக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றால் வெளியே எடுக்கலாம்.

கணக்குப் போட்டால் முதல் பத்து வருஷத்துக்கு இரண்டு வழியிலும் வருஷத்துக்கு 2,000 ரூபாய்தான். ஆகவே பணத்தை வைத்து முடிவெடுக்க வழியில்லை. வருஷத்தில் எத்தனை நாள் இந்தக் காரில் உட்காரப் போகிறேன் என்பதை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

26.9.2025, வெள்ளி

விடியற்காலையில் வண்டியை எடுத்தேன். கட்டமஞ்சி ஏரிப் பக்கமாகச் சுற்றி, காணிப்பாக்கம் போய்த் திரும்பினேன். போக வர இருபத்தைந்து கிலோமீட்டர் அளவு. அநேகமாக எல்லா வாரமும் இந்தத் தூரம் உண்டு.

இவ்வளவு தூரம் ஏன் என்று மண்டியில் கேட்பார்கள். வாசலிலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைத்தால் போதாதா? போதாது. அது வண்டிக்குக் கெடுதல். குளிர்ந்த எஞ்சின் ஓடத் தொடங்கும்போது எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி உள்ளே படிந்து ஆயிலோடு கலக்கிறது. சைலன்சரிலும் தேங்குகிறது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் எல்லாம் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். தண்ணீர்தான் சூடாகியிருக்கும், ஆயில் சூடாக இன்னும் பத்து, பதினைந்து நிமிஷம் ஓட வேண்டும். அப்போதுதான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். வாசலில் மட்டும் உறுமிவிட்டு நிறுத்துகிற வண்டியின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் வெள்ளையாகப் பிசுபிசுத்திருக்கும்.

ஹெரால்டுக்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. முன் சக்கரம் ஸ்டியரிங்குக்குத் திரும்புவது அடியில் உள்ள ட்ரன்னியன் என்கிற பித்தளைப் பாகத்தின் மேல். அதற்கு கிரீஸ் ஆகாது, தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். காய்ந்துபோனால் உள்ளே துருவேறி, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிவிடும். எங்கள் மெக்கானிக் பாய் இதற்காகவே ஒரு கிரீஸ் கன்னில் கியர் ஆயில் நிரப்பித் தனியாக வைத்திருக்கிறார். வேறு யாரையும் தொட விடமாட்டார். இங்கிலாந்தில் கோவென்ட்ரிக்காரர்கள் 1959இல் போட்ட வடிவம் இது. 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்தது. சென்னை மண்ணில் செய்த கார் என்று அப்பாவுக்குக் கடைசி வரை பெருமை. நம்முடையது 1970 மாடல். வாரம் தவறாமல் அதில் வேலூர் மண்டிக்குப் போய் வருவார். வண்டி இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்கு அந்த வேலூர் ஓட்டம்தான் காரணம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

28.9.2025, ஞாயிறு

திருமலையில் இன்று கருட சேவை. திருப்பதி ஊருக்குள் காரைக் கொண்டுபோகிற நாளில்லை. வீட்டிலேயே இருந்தேன்.

வெளிநாட்டில் பழைய வண்டிகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கொஞ்சம் படித்தேன். பிரிட்டனில் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு 2020இல் எடுத்த கணக்கில், ஒரு பழைய வண்டி வருஷத்துக்குச் சராசரியாக 1,200 மைல் ஓடுகிறது. சுமார் 1,900 கிலோமீட்டர். வாரத்துக்குக் காணிப்பாக்கம், இடையில் சில நீண்ட பயணம் என்றால் நம் வண்டியும் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். ஜெர்மனியில் முப்பது வருஷம் கடந்த வண்டிக்கு 1997 முதல் 'எச்' எழுத்துப் பலகை தருகிறார்கள். அதை மாட்டிக்கொண்டு தாராளமாகத் தெருவில் ஓட்டலாம். பழைய வண்டி ஒரு பாரம்பரியச் சொத்து என்று அங்கேயும் அரசு ஒப்புக்கொள்கிறது, இங்கேயும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் இங்கே அந்த மரியாதையோடு சேர்த்து வண்டியை நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். இது எனக்கு வருத்தம்.

30.9.2025, செவ்வாய் – திருப்பதி

ஆயுத பூஜைக்கு அக்கா கூப்பிட்டிருந்தாள். இருட்டோடு புறப்பட்டு பூதலப்பட்டு வழியாக வந்தேன். எழுபது கிலோமீட்டர். சந்திரகிரிக் கோட்டை கண்ணில் படும்போது வெயில் ஏறியிருந்தது. நாலுவழிச் சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. ஹெரால்டை அறுபதுக்கு மேல் விரட்ட எனக்கு மனம் வருவதில்லை. இடது ஓரமாக அதன் கதியில் வந்ததில் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு அசையவே இல்லை.

அப்பா காலத்தில் புரட்டாசிச் சனிக்கிழமை இதே வண்டியில் மலைக்கே போவோம். 1944இல் போட்ட பழைய மலைச்சாலையில் ஏறி அதிலேயே இறங்குவார்கள். 1974இல் இரண்டாவது சாலை வந்த பிறகு ஏற ஒன்று, இறங்க ஒன்று என்றாயிற்று. டிக்கியில் தண்ணீர் கேன் இல்லாமல் அப்பா அலிபிரி தாண்டமாட்டார். இப்போது இவ்வளவு பழைய வண்டிகளை மலையில் ஏற்றுவதில்லை. அத்தனை கூட்டம் போகிற பாதையில் ஒரு வண்டி நின்றால் பின்னால் ஆயிரம் பேர் நிற்க வேண்டும். அந்தத் தடை நியாயம்.

அக்கா வீட்டு ஷெட்டில் மாமாவின் பிரீமியர் பத்மினி. 1984 மாடல், வெள்ளை. தடித்த தார்ப்பாய் உறை போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி வைத்திருக்கிறார். போன ஆயுத பூஜைக்குத்தான் கடைசியாக வெளியே வந்தது என்றாள் அக்கா. உறையைத் தூக்கிப் பார்த்தேன். பெயின்ட் புதிது போல் இருந்தது. ஆனால் உள்ளிருந்து ஈர வாடை வந்தது. சிமென்ட் தரையின் ஈரம் முழுவதும் அந்த உறைக்குள்தான் தங்கியிருக்கிறது.

1.10.2025, புதன் – ஆயுத பூஜை

காலை முழுவதும் பத்மினியோடு போயிற்று.

பேட்டரி செத்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ரேணிகுண்டா பக்கம் கரகம்பாடியிலேயே பேட்டரித் தொழிற்சாலை இருக்கிறது. ஆனாலும் மாதக்கணக்கில் சும்மா நிற்கிற வண்டியில் எந்தப் பேட்டரியும் தங்காது. சார்ஜ் இறங்க இறங்கத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். ஹெரால்டிலிருந்து கேபிள் போட்டோம். செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மொத்தமும் ஆவியாகிப் போயிருந்தது. டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர் ஹோஸையும் அது ஊற வைத்துக் கெடுக்கும். வாரம் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருப்பதால் இது அவ்வளவாகத் தெரியாது.

டேங்கை வடித்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, ஒருவழியாக எஞ்சின் பிடித்தது. மாமா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கியரைப் போட்டால் வண்டி நகரவில்லை. பின் சக்கரம் இரண்டும் பிடித்துக்கொண்டு நின்றன. ஹேண்ட் பிரேக் போட்டபடி வருஷம் முழுவதும் நின்றதில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, நின்ற இடத்திலேயே பூஜை நடந்தது. ஹெரால்டுக்கும் அக்கா சந்தனம் குங்குமம் வைத்தாள்.

2.10.2025, வியாழன்

விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளில். பட்டறைகள் அடைத்துக் கிடக்கின்றன.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது மாமா மனம் விட்டுச் சொன்னார். "ஓட்ட ஓட்டத் தேய்மானம்தானே தம்பி. சாமான் கிடைக்காது. ரோட்ல எவனாவது இடிச்சிட்டா? எங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்."

அவர் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையான பாசத்தில்தான் வண்டியை மூடி வைத்திருக்கிறார். ஆனால் தேய்மானம் இரண்டு வகை என்று அவரிடம் சொன்னேன். ஓடித் தேய்கிற பாகம் பெரும்பாலும் மாற்றக் கூடியது: லைனிங், பிளக், பாயின்ட், டயர். நின்று கெடுகிறவை அப்படியில்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கிறது. சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன. அடித்தகட்டில் ஏறும் துரு கண்ணுக்குத் தெரியும்போது டிங்கரிங் கூட உதவாது. பம்பாயின் பத்மினி டாக்சிகளைப் பாருங்கள் என்றேன். இரவு பகல் என்று பார்க்காமல் ஓடின. 2023 அக்டோபரில் அவை சாலையை விட்டுப் போனதற்குக் காரணம் டாக்சிகளுக்கு அங்கே விதித்த வயது வரம்பு.

மாமா பதில் சொல்லவில்லை. அக்கா மகள்தான் கேட்டாள்: "அப்போ வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டணும் மாமா?"

வருஷக் கணக்கு போடாதே அம்மா என்றேன். ஒரே மூச்சில் பெங்களூர் போய் வந்துவிட்டு மிச்ச மாதமெல்லாம் மூடி வைத்தாலும் மீட்டரில் கௌரவமான எண் காட்டும்; வண்டிக்குப் பயனில்லை. வாரத்துக்கு ஒருமுறை, முடியாவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடட்டும். எல்லாக் கியரும் விழ வேண்டும், பிரேக்கை நாலைந்து முறை நன்றாக அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

4.10.2025, சனி

நேற்று மெக்கானிக் வந்தார். டிரம்மைச் சுற்றிலும் மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் கழற்றினார். நாங்கள் நினைத்த மாதிரியே சிலிண்டர் உள்ளே குழி விழுந்திருந்தது. சென்னை ஜி.பி. ரோட்டில் சொல்லிவைத்த சிலிண்டர்கள் பஸ் பார்சலில் வந்து சேர்ந்தன. பிரேக் ஆயில் முழுவதும் மாற்றியாயிற்று. சாமான் கிடைக்காது என்று மாமா பயந்ததற்கு இது ஒரு பதில்.

இன்று புரட்டாசிச் சனி, ஊரெங்கும் பக்தர்கள். விடிவதற்கு முன்பே எதிர்த்திசையில் சந்திரகிரி ரோட்டைப் பிடித்தோம். முன்னால் ஹெரால்ட், பின்னால் பத்மினி. போகும்போது மாமா ஓட்டினார். திரும்பும்போது ஸ்டியரிங்கை மகளிடம் கொடுத்துவிட்டார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருப்பது அவளுக்குப் புதிது. முதல் கியருக்கும் மூன்றாவதற்கும் தடுமாறினாள், சீனிவாசமங்காபுரம் வருவதற்குள் கை பழகிவிட்டது. வீடு வந்ததும் மாமா செய்த முதல் காரியம், அந்தத் தார்ப்பாயைச் சுருட்டிப் பரணில் போட்டது. தூசுக்கு மெல்லிய பருத்தித் துணி போதும். ஹேண்ட் பிரேக் வேண்டாம், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6.10.2025, திங்கள் – சித்தூர்

ஏஜென்ட் பையனிடம் சாதாரணப் புதுப்பித்தலுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விண்டேஜ் வேண்டாம். மண்டிக்குப் போக, வேலூர் போக, அக்கா வீட்டுக்குப் போக எனக்கு உரிமை வேண்டும். ராலிக்கு யாராவது அழைக்கும் வரை என் வண்டி காத்துக் கிடக்கக் கூடாது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கிற நாளுக்கு முன் பாயிடம் விட்டு லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் சரிபார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கதவுகளின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். ட்ரன்னியனுக்கு ஆயில் போடும் தவணையும் வந்துவிட்டது.

இரவு மாமா போன் செய்தார். நேற்றும் தகப்பனும் மகளுமாகத் திருச்சானூர் வரை போய் வந்தார்களாம். வரும் ஞாயிறு பத்மினியிலேயே காணிப்பாக்கம் வந்துவிடவா என்று கேட்கிறார். அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும் மாமா, பெட்ரோல் ஹோஸ் இன்னும் பழசுதான், அதை மாற்றிய பிறகு வாருங்கள், அதுவரை சந்திரகிரி போதும் என்றேன். ஹோஸ் என்ன அளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.