பதின்மூன்று சனிக்கிழமைகள்

"இந்த வயதிலை எந்தச் சோதினைக்குப் படிக்கப் போறாய்?" என்று மாமி கேட்டார்.

சென்ற ஆண்டு யூன் மாதத்து முதலாவது சனிக்கிழமை அது. சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போக வெளிக்கிட்டு நின்றேன். சோதினை ஒன்றுமில்லை மாமி, கதைப் புத்தகம் வாசிக்கப் போகிறேன் என்றேன். மாமி பதில் சொல்லவில்லை. வாசலில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. 1995 இல் எனக்குப் பதினைந்து வயது. பெரியம்மா வீட்டு அலுமாரியில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் இருந்தன. சஞ்சிகையில் வாரா வாரம் வந்த பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய தடித்த புத்தகங்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும். இரண்டு பாகங்களை முடித்து, மூன்றாவதை வாங்கி வந்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஒக்ரோபர் 30 ஆம் திகதி மாலை, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அடையாள அட்டைகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அரிசி, ஒரு பானை என்று அம்மா உரப்பையில் கட்டினார். நான் புத்தகத்தையும் எடுத்தேன். "அதைப் பிறகு வாசிக்கலாம், நட" என்றார் அம்மா.

1996 இல் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. பெரியம்மா வீட்டில் அலுமாரியே இல்லை. பிறகு தென்மராட்சியில் திருமணம். 2000 இல் அங்கிருந்தும் இடம்பெயர்வு. மகள் பிறந்தாள்; கணவரை இழந்தேன்; தையல் மெசின் குடும்பத்தைக் காத்தது. அம்மா சொன்ன அந்தப் 'பிறகு' வந்து சேர ஏறக்குறைய முப்பது வருடங்கள் சென்றுவிட்டன.

பொன்னியின் செல்வனில் கடைசி மூன்று பாகங்களிலும் 183 அத்தியாயங்கள் இருக்கின்றன. யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்களில் எனக்குக் கிடைத்தவை பதின்மூன்று சனிக்கிழமைகள். சனிக்கு 14 அத்தியாயங்கள், கடைசி நாள் மட்டும் 15. இதைத் தையல் அளவுக் கொப்பியின் பின் பக்கத்தில் எழுதி வைத்தேன். "அம்மா, கல்கியின்ரை கதை எல்லாம் ஃபோனிலேயே சும்மா கிடைக்குமே" என்றாள் மகள். உண்மைதான். ஆனால் அந்த ஃபோனில்தான் சட்டை தைத்து முடிந்ததா என்று கேட்பார்கள். வீட்டில் புத்தகத்தை விரித்தால் தையல் மெசின் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். வாசிக்க எனக்குப் புத்தகம் மட்டும் போதாது, ஓர் இடமும் வேண்டியிருந்தது.

கொடிகாமத்திலிருந்து வரும் பஸ்ஸில் மீசாலையில் ஏறுவேன். சாவகச்சேரி, கைதடி கடந்தால் நாவற்குழிப் பாலம். 1995 இல் அந்த இரவு முழுவதும் மழையில், இலட்சக்கணக்கான சனங்களோடு அடி அடியாக நகர்ந்து கடந்த பாலம். பஸ் இப்போது சில நொடிகளில் அதைத் தாண்டிவிடுகிறது. செம்மணி வெளியில் பஸ்ஸுக்குள் பேச்சு குறையும். பிறகு அரியாலை, கண்டி வீதி, பட்டணம்.

நூலகத்தின் முன்னால் வெள்ளைச் சரஸ்வதி சிலை. அந்த முகத்தைப் பார்க்காமல் உள்ளே போக முடியாது. 1981 மே 31 இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இங்கே சாம்பலாகின. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. தீயைத் தூரத்தில் இருந்து பார்த்த தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிரிழந்தார். திருத்தப்பட்ட கட்டடம் 1985 இல் மறுபடியும் சேதமாகி, 2004 இல்தான் மீண்டும் வாசகருக்குத் திறந்தது. என் ஒரு புத்தகத்தின் இழப்பை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் முதல் நாள் மூன்றாம் பாகத்தைக் கையில் எடுத்தபோது, அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அங்கே பெரும்பாலும் சோதினைக்குப் படிக்கும் பிள்ளைகள். குறிப்புக் கொப்பியும் கோடு போடும் பேனையுமாக இருப்பார்கள். நான் மட்டும் கதைப் புத்தகத்தோடு. முதல் இரண்டு கிழமையும் களவு செய்வது போல வெட்கமாக இருந்தது. மூன்றாம் கிழமை, வந்தியத்தேவனின் குறும்பு ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரில் இருந்த பிள்ளை நிமிர்ந்து பார்த்துத் தானும் சிரித்தாள். அதன் பிறகு வெட்கம் வரவில்லை.

ஐந்தாவது சனி, நான்காம் பாகத்தை யாரோ வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஏமாற்றத்தோடு அலுமாரிகளுக்கு நடுவே நடந்தபோது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' கண்ணில் பட்டது. தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் மக்களின் கதை. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெண்களின் வெடித்த பாதங்களை யாரும் விளக்கத் தேவையில்லை. அன்று கணக்கில் 14 அத்தியாயங்கள் குறைந்தன. ஆனால் அந்த நாள் வீணாகவில்லை.

வீட்டில் இன்னொன்று நடந்தது. இரவில் பனங்காய்ப் பணியாரம் சுடும்போது, அன்று வாசித்ததை மகளுக்குச் சொல்வேன். மாமி மறுபக்கம் பார்த்தபடி இருப்பார். ஒரு கிழமை நான் களைப்பில் பேசாமல் இருக்க, "அந்த ஊமைப் பொம்பிளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். ஊமை ராணி மந்தாகினி. நம் இலங்கைத் தீவோடு சேர்ந்த பாத்திரம். அரசரை நோக்கி வந்த வேலைத் தான் வாங்கிக்கொண்டு அவள் இறந்ததைச் சொன்ன இரவு, மாமி அடுப்பைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, பல வருடங்களாக வாய் திறவாத மாமி, தன் மகனைப் பற்றிப் பேசினார். சின்ன வயதில் அவர் கதைப் புத்தகத்தை மாட்டுக்கொட்டிலில் ஒளித்து வைத்து வாசித்தாராம். இது எனக்குத் தெரியாது. மகளுக்குத் தன் அப்பாவைப் பற்றி ஒரு புதுக்கதை கிடைத்தது.

ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை மாலை எனக்குப் பதினான்கு அத்தியாயங்கள் மிச்சம் இருந்தன. இலக்குத் தவறிவிட்டது என்று மாமியிடம் சொன்னேன். "அதுக்கென்ன? வாற சனியும் பஸ் ஓடும்தானே" என்றார். அந்தச் சனி சோற்றைக் கட்டித் தந்ததும் அவர்தான்.

கதை முடிந்த பிற்பகல், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கதிரையிலேயே இருந்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. அப்படி ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

சகோதரிகளே, பிள்ளைகளுக்காகப் படிக்கிறோம், படிவம் நிரப்பப் படிக்கிறோம், பயிற்சி வகுப்புக்காகப் படிக்கிறோம். நமக்காக, சும்மா, மனம் மகிழ ஒரு புத்தகம் வாசிப்பதும் நாம் இழந்தவற்றுள் ஒன்றுதான். எல்லோரும் பட்டணம் போக வேண்டியதில்லை. உங்கள் பிரதேச சபை நூலகத்தின் கதவைத் தட்டிப் பாருங்கள். பெரிய இலக்கு வேண்டாம். மாதம் ஒரு புத்தகம் போதும். கணக்குத் தவறினால் அடுத்த கிழமையும் இருக்கிறது.

இப்போது கொப்பியின் பின் பக்கத்தில் புதிய வரி ஒன்று எழுதியிருக்கிறேன்: செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', நெடுந்தீவுக் கடற்கரைக் கதை. வாடைக் காற்று வீசத் தொடங்கும்போது அதைத் தொடங்குவதாக எண்ணம். எப்போது தொடங்குவாய் என்று மாமி இரண்டு தரம் கேட்டுவிட்டார்.