பானை தந்த தண்மை

தண்மை உடைய நீர் தண்ணீர். வெம்மை உடைய நீர் வெந்நீர். நாளடைவில் தண்ணீர் என்பது நீருக்கே பொதுப்பெயராயிற்று. அதனால்தான் இன்று 'சுடுதண்ணீர்' என்று முரண் உணராமலே கூறுகிறோம். குளிர்ந்த நீரைச் சுட்ட 'ஐஸ் தண்ணீர்' என அடைமொழி தேடுகிறோம். சொல்லில் தண்மை மறைந்தது போலவே, இல்லத்தில் தண்மை தந்த மண்பானையும் மறைந்து வருகிறது.

பானை நீர் எவ்வாறு குளிர்கிறது? சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, புறத்தே ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதன் பெரும்பகுதியை உள்ளிருக்கும் நீரிடமிருந்தே அது கவர்கிறது. குளிர்பதனப் பெட்டியும் செய்வது இதுவே. அதன் குழாயிலுள்ள நீர்மம் பெட்டிக்குள் ஆவியாகி வெப்பத்தை ஏற்கிறது; மின்பொறி அவ்வாவியை அழுத்த, அது பின்புறத்தில் வெப்பத்தை விடுத்து மீண்டும் நீர்மமாகிறது. பானைக்கோ மின்சாரம் வேண்டா.

இவ்வுண்மையை நான் பட்டறிந்தது 2018ஆம் ஆண்டில். அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை, கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. முத்துப்பேட்டையில் எங்கள் தெருவின் மின்கம்பங்கள் அனைத்தும் சாய்ந்தன. உம்மா நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர்கள். பிரிக்காத மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருத்தல் வேண்டும். பெட்டியோ வெறும் அலமாரியாயிற்று. மருந்துக் கடைகளும் அடைத்துக் கிடந்தன.

"பானை அவ்வளவு குளிர்ச்சி தராது. ஆயினும் வெப்பம் 25 பாகையை ஒட்டி இருந்தால் இம்மருந்து நான்கு வாரம் வரை தாங்கும்" என்றார் மருத்துவர். பெரிய பானைக்குள் சிறு பானை வைத்து, இடைவெளியில் ஈரமணல் நிரப்பினோம். மருந்துக் குப்பிகளை நீர் புகாத டப்பாவிலிட்டு உள்ளே வைத்து, வாயை ஈரத்துணியால் மூடினோம். கடலோரக் காற்றின் ஈரத்தில் ஆவியாதல் குறைவு. ஆதலின் காற்றோடும் தாழ்வாரத்து நிழலே பானைக்கு இடமாயிற்று. காலையும் மாலையும் மணலுக்கு உம்மாவே நீர் தெளித்தார்கள். ஒவ்வொரு நாளும் சர்க்கரை அளவைக் குறித்து வந்தோம். மின்சாரம் மீளும் வரை அது எல்லை மீறவில்லை.

இதே இரட்டைப் பானையை 1995இல் நைஜீரியாவின் வடபகுதி உழவர்களுக்காக அமைத்தவர், பானை வனையும் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர் முகம்மது பா அப்பா. அந்நாட்டின் வறண்ட காற்றில், மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் 27 நாள் கெடாதிருந்தது. 2000ஆம் ஆண்டு ரோலக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது.

தடுப்பூசிக்கும் சேமித்த குருதிக்கும் குளிர்பதனப் பெட்டியே வேண்டும், அதில் ஐயமில்லை. எனினும், மாணவச் செல்வங்களே, புயல் தொடும் கரையில் வாழும் நம் இல்லந்தோறும் இரு பானைகளும் ஒரு கூடை மணலும் இருக்கட்டும். நம்மூர்க் குயவரின் சக்கரம் சுழலும் வரைதான் அவையும் கிடைக்கும்.