மலையே இல்லாத மலை ஸ்டேஜ்!

ஜூலை மாதம் வந்துவிட்டால் லேப் ரெக்கார்டை மூடி வைத்துவிட்டு, சாயந்திரம் முழுக்க மொபைலில் டூர் டி பிரான்ஸ் பார்க்கிற கோஷ்டி ஒன்று உங்கள் ஹாஸ்டலிலும் நிச்சயம் இருக்கும். கவனித்துப் பாருங்கள். சமதள ஸ்டேஜ் என்றால் கடைசி பத்து நிமிஷம்தான் பார்ப்பார்கள். மலை ஸ்டேஜ் என்றால் சாப்பிடக்கூட எழுந்து வர மாட்டார்கள்!

காரணம் இருக்கு பாஸ். ரேஸின் தலையெழுத்தே அங்கேதான் மாறும். ஏற்றங்களை 4, 3, 2, 1 என்று வகை பிரித்திருப்பார்கள். நம்பர் குறையக் குறைய கஷ்டம் கூடும். எந்த வகையிலும் அடங்காத ராட்சச ஏற்றங்களுக்குத் தனிப் பெயரே உண்டு. மலை ராஜா பட்டம் 1933ல் வந்தது, வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்த அந்த பனியன் 1975ல். ஆல்ப் டூயெஸ் ஏற்றத்தில் மட்டும் 21 கொண்டை ஊசி வளைவுகள். 1910ல் பைரனீஸ் மலையில் முதல் தடவையாக ஏற்றிவிட்டபோது, ஆக்டேவ் லபீஸ் என்ற வீரர் அமைப்பாளர்களைப் பார்த்து 'கொலைகாரர்கள்' என்று கத்தினாராம். கத்திவிட்டு அந்த வருஷ ரேஸை ஜெயிக்கவும் செய்தார், அது வேற விஷயம்.

நம்ம தமிழ்நாட்டில் இதற்குப் பக்கத்தில் வருவது கல்லட்டி. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் பாதை. 36 கொண்டை ஊசி, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். 2008ல் ஆரம்பித்த 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணத்தில் பெரிய பெரிய ஆட்களே இங்கே இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். அது தொழில்முறை ரேஸ் இல்லை. ஆனால் கல்லட்டிக்கு அந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது!

இப்போ ராயபுரத்துக்கு வாங்க. இங்கே மேடு என்றால் ரயில் மேம்பாலம்தான். கடல் மட்டத்திலிருந்து நாலைந்து மீட்டர் ஏறினாலே எங்களுக்கு அது எவரெஸ்ட். அதனால் தென்சென்னை சைக்கிள் நண்பர்களிடம் எண்ணூர் ரோடு என்று சொன்னால், "அதுவா மச்சி? பிளாட்டு. ஈஸி" என்று முடித்துவிடுவார்கள். இந்த 'ஈஸி'யில்தான் எனக்குத் தகராறு.

கொஞ்சம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது. நானும், பிளஸ் ஒன்னில் கவர்மென்ட் கொடுத்த கியர் இல்லாத சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும்போது எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், கூடுதலாக ஏறக்குறைய 27 நியூட்டன் விசை என்னைப் பின்னால் தள்ளும். 30 அடிக்கு ஓர் அடி ஏறும் சாலையில் புவியீர்ப்பு பின்னால் இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். சமவெளிச் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் இந்தியாவில் வழக்கமாக வைக்கும் சரிவு அந்த முப்பதுக்கு ஒன்றுதான். அதாவது, எதிர்காற்றில் எண்ணூர் ரோடு என்பது முடிவே இல்லாத ஒரு மேம்பாலம். ஏறிக்கிட்டே இருக்கணும், இறக்கம் மட்டும் வராது!

இதில் ஒரு வேடிக்கை, ஆல்ப்ஸ் இடம் மாறாது, எங்க மலை மாறும். நவம்பர், டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது போகும்போது ஏற்றம். மே மாதத்தில் காலையில் தென்மேற்கு, மதியத்துக்கு மேல் தென்கிழக்குக் கடல்காற்று. அப்போது திரும்பும்போது ஏற்றம்.

ஸ்டேஜ் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். ஸ்டார்ட்டிங் பாயின்ட், ராயபுரம் ரயில் நிலையம். 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது, அதனால் நாமும் இங்கிருந்தே கிளம்பலாம். காசிமேட்டில் விடிகாலையில் ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் ரோட்டில் ஓடும். பிரேக்கைத் தொடாமல் மெதுவாகக் கடந்துவிடுங்கள். அதைத் தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறினால் வலது பக்கம் கடல். பார்க்கலாம் என்று திரும்பினால் கருங்கல் குவியல்தான் தெரியும். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல். இந்தக் குப்பங்களில் வீடுகளை வரிசை வரிசையாகக் கடல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி. பேய்க்கரும்பு இனித்த இடம். தண்ணீர் குடிக்க நிறுத்துவதென்றால் இங்கே நிறுத்துங்கள். ஊருக்குள் என்ஃபீல்டு தொழிற்சாலை. இந்தியக் கம்பெனி 1955ல் தொடங்கியது. ஆனால் இங்கிலாந்தில் இருந்த அதன் தாய்க் கம்பெனி ஆரம்பத்தில் செய்தது சைக்கிள்தான். புல்லட் ஓட்டுகிற சீனியர் யாராவது நம்மைக் கிண்டல் பண்ணினால் இதைச் சொல்லுங்கள்!

இந்த ரூட்டின் உண்மையான ஆபத்து காற்று இல்லை, கன்டெய்னர். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். ரேஸில் முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காற்றை மிச்சம் பிடிப்பார்கள். அதே டெக்னிக்கை டிரெய்லருக்குப் பின்னால் போட்டுப் பார்க்கத் தோணும். காசிமேட்டில் பஞ்சர் ஒட்டும் அண்ணன் ஒருத்தர் ட்யூபைத் தண்ணியில் முக்கிக்கொண்டே சொன்னார்: "வண்டி பின்னாடி ஒட்டினு போவாத தம்பி. அவனுக்கு நீ தெரியவே மாட்ட. லெப்ட்டு சைடுல பூந்த, முடிஞ்ச."

அவர் சொன்னதற்குப் பின்னால் ஜியோமெட்ரி இருக்கிறது. 40 அடி டிரெய்லர் இடதுபக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன பாதையில் பின்சக்கரம் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கார்னரில் இடம் இருக்கே என்று நீங்கள் நுழையும் அந்த முக்கோணம், இரண்டு செகண்டில் சக்கரத்துக்கு அடியில் இருக்கும். டிரெய்லர் நின்றால் நீங்களும் பின்னாலேயே, தள்ளி நில்லுங்கள். முழுசாகத் திரும்பின பிறகு போங்கள்.

ஆல்ப்ஸில் ரேஸ் அன்றைக்கு ரோட்டையே மூடிவிடுவார்கள். பின்னாலேயே டாக்டர், மெக்கானிக், வாழைப்பழம். இங்கே ஷிப்ட்டுக்குப் போகிறவர் ஹேண்டிலில் டிபன் பையை மாட்டிக்கொண்டு, கேரியரில் கட்டின மீன் கூடையோடு போகிறவர் பக்கத்திலேயே, இதே டிரெய்லர்களுக்கு நடுவில் தினமும் இந்த ஸ்டேஜை முடிக்கிறார்கள். தனிப் பாதை கிடையாது. ரோட்டை அகலப்படுத்தினது லாரிக்காக. ஓரத்தில் ஓர் ஆறடி சைக்கிளுக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குப் பொட்டு பனியன் கொடுக்கிற அதிகாரம் இருந்தால் அந்த மீன் கூடைக்காரருக்குத்தான்.

எர்ணாவூர் தாண்டினதும் மூக்கு விழித்துக்கொள்ளும். பிரான்ஸின் காலிபியே கணவாய் 2,642 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கால் பங்குக்கு மேல் குறைவு. எங்களுக்கு ஆக்சிஜன் ஃபுல். கூட வருவதுதான் பிரச்னை. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ந் தேதி ராத்திரி, பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அழுத்தி மிதிக்கும்போது உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுப்போம். கண் எரிந்தால் ஹீரோயிசம் வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

எரியவில்லை என்றால் முகத்துவாரம் வரை போங்கள். கொசஸ்தலையாறு கடலைத் தொடுகிற இடம். அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இக்கரையில் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். அரை மணி நேரம் தாராளமாக உட்காரலாம்.

மே மாதமாக இருந்தால் மட்டும் ரொம்ப உட்காராதீங்க. பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கடல்காற்று எழும்பிவிட்டால் ராயபுரம் வரைக்கும் மேம்பாலம்தான்!