கசவுப் பிரிவில் ஒரு ஸ்டூல்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது 2011-ல், ஓணத்துக்கு ஒரு மாதம் முன்னால். ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். களியிக்காவிளையில் பஸ் மாறி ஒன்பதரைக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு எட்டுக்குத்தான் வெளியே வருவேன். சாப்பாட்டுக்கு அரை மணி. மற்ற நேரம் முழுக்க நிற்க வேண்டும், கவுண்டரில் ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும். சுவரில் சாய்ந்தாலே இன்டர்காம் அடிக்கும். கேமராவில் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். மாசக் கடைசியில் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.

நிற்பதையாவது பழகிக்கொள்ளலாம். மூன்று மாடிப் பெண்களுக்கும் சேர்த்து மொட்டைமாடியில் ஒரே கக்கூஸ். போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அவர் ஆம்பளை. “வெள்ளம் கூடுதல் குடிக்காதே மோளே” என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார் பக்கத்துக் கவுண்டர் சேச்சி. என் தண்ணீர் பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். மத்தியானம்வரை அந்தக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது. இரண்டே வருஷத்தில் நீர்க்கடுப்பு வந்தது. சேச்சிக்கு அதற்கு முன்பே கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. புடவைக்கடியில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு வருவார்.

2014 கடைசியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து போராடத் தொடங்கினார்கள். இரிக்கல் சமரம், அதாவது உட்காரும் போராட்டம் என்றார்கள். அதற்கும் முன்பே கோழிக்கோடு மிட்டாய்த்தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் ‘பெண்கூட்டு’ என்று ஒரு அமைப்பைத் தொடங்கியிருந்தார். கக்கூஸ் கேட்டுத்தான் அது ஆரம்பித்தது. இதையெல்லாம் மொட்டைமாடி வரிசையில் நின்று, ஒருத்தி போனை இன்னொருத்தி வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். மறுவாரம் எங்களில் இரண்டு பேரைக் குடோனுக்கு மாற்றினார்கள். மூன்றாவது நான்தான் என்று நினைத்து ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

அப்போதுதான் சட்டத்தைப் பற்றி விசாரித்தேன். நின்று வேலை செய்கிறவர் இடையில் ஓய்வு கிடைத்தால் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. நாங்கள் நின்றதோ கடையில். கடை தொழிற்சாலை ஆகாது. கேரளக் கடைகளுக்கென்று 1960-ல் வந்த சட்டத்தில் இருக்கை என்ற பேச்சே அப்போது இல்லை. இங்கிலாந்தில் மூன்று விற்பனைப் பெண்களுக்கு ஒரு இருக்கை என்று 1899-லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். அதைப் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. ஓணம் இல்லை, வியாபாரமும் இல்லை. ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கிலேயே கிடக்க, யாருமே வராத கடையில் நாங்கள் பதினோரு பேரும் நாள் முழுக்க நின்றோம். இதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

அந்த அக்டோபரில், கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் அவசரச் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட கவர்னர் சதாசிவம் நம்ம ஈரோட்டுப் பக்கத்துக்காரர். எங்களுக்கு ஸ்டூல் வந்து சேர இன்னும் சில மாதம் ஆனது. பதினோரு பேருக்கு நாலு, நீல பிளாஸ்டிக்.

முதல் இரண்டு நாள் சேச்சி அதில் உட்காரவில்லை. முழங்காலை மட்டும் அதன்மேல் ஊன்றிக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் மத்தியானம், ஆளில்லாத நேரம், கேமராவைப் பார்த்துக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தார். கை கவுண்டரைப் பிடித்தபடியே இருந்தது. இன்டர்காம் அடித்தது. எல்லாரும் திரும்பினோம். நான்தான் எடுத்தேன். பாலராமபுரம் செட்டுமுண்டு மேலே இருக்கிறதா என்று கீழ்த்தளத்திலிருந்து கேட்டார்கள்.

சேச்சியைப் பார்த்துக் கேட்டேன். உட்கார்ந்தபடியே “உண்டு” என்றார்.